அத்திப்பள்ளிக்கு அப்பால் காத்திருந்த மூவர்

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். முகம் கழுவி, வேதம் வாசித்து, ஜெபம் செய்துவிட்டு, என் கணவருக்கும் எனக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டினேன். ஆறு மணிக்கு எதிர் வீட்டு நர்ஸ் அம்மாவிடம் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டேன். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மற்றவர்கள் அளக்கப் பயன்படுத்தும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டும் பிரிவு. அன்று காலை பதினோரு கருவிகள் வந்தன. எல்லாவற்றையும் முடித்தேன்.

மதியம் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பக்கத்தில் இருந்த பெண் தன் போனை என் பக்கம் திருப்பினாள். பெங்களூரில் ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு எண் பலகை. அதற்குப் பிறகு இன்னொரு லாரி. அதற்குப் பிறகு பஸ்கள்.

"காவிரித் தண்ணி கலாட்டாக்கா. பார்டரை மூடிட்டாங்களாம். நம்ம வண்டி ஒண்ணும் போகாது, அவங்க வண்டி ஒண்ணும் வராது" என்றாள்.

டப்பாவை மூடிவைத்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு நாங்கள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அங்கே ஒரு உலோகத் தொட்டிக்குள், உறைபனியில், மூன்று கருக்கள் எங்களுக்காகக் காத்திருந்தன.

சகோதர சகோதரிகளே, இதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு 2003இல் கல்யாணம். பதின்மூன்று வருடம் குழந்தை இல்லை. நாங்கள் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. மூன்று முறை சோதனைக்குழாய் முறையில் முயன்று மூன்று முறையும் தோற்றோம். கடைசித் தோல்விக்குப் பிறகு டாக்டரம்மா, "உங்க கருமுட்டைக்கு இனி சக்தி இல்லைம்மா. ஆனா கர்ப்பப்பை நல்லா இருக்கு" என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது. வீட்டுக்கு வந்து, காலி வீட்டுக்கு எதற்கு இத்தனை நல்ல கதவு என்று அழுதேன்.

பிறகு டாக்டரம்மாவே ஒரு வழி சொன்னார். வேறொரு தம்பதி 2012இல் அதே ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்து, குழந்தைகள் பெற்று, குடும்பம் நிறைந்துவிட்டது. அவர்களுடைய கருக்களில் மூன்று மீதி. அவற்றைப் பிள்ளையில்லாத யாருக்காவது கொடுக்க அவர்களுக்குச் சம்மதம். ஆனால் அந்தச் சம்மதம் 2016 செப்டம்பர் முப்பதாம் தேதி வரைதான். அதற்குள் யாரும் பெற்றுக்கொள்ளாவிட்டால் அழித்துவிடும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் யார், என்ன மொழி பேசுகிறவர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. அன்றைய விதி அது.

சபையில் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டபோது எல்லோரும் சந்தோஷப்படவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் மூத்தவரான ரூபி அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார். "கிரேஸ், ஊரான் வீட்டு விதையை வாங்கி வயித்துல போட்டுக்கிட்டு, நாளைக்கு கர்த்தர் குடுத்தாருன்னு சாட்சி சொல்லுவியா?"

நான் தலை குனிந்துகொண்டேன். போதகர் மட்டும், "ஆத்துல நாணல் பெட்டியில வந்த பிள்ளைய ராஜா மக எடுத்து வளக்கலையா? எடுக்கலைன்னா அந்தப் பிள்ளை கதி என்ன ரூபிம்மா?" என்றார். அக்கா அன்று எனக்காக ஜெபிக்கவில்லை.

எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை 'மெட்டீரியல்' என்றார்கள். நானும் மனதுக்குள் 'அது' என்றுதான் சொல்லிவந்தேன். எனக்கு ஒரு குழந்தை வேண்டும், அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். அந்த மூன்றைப் பற்றி நான் தனியாக யோசித்ததே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் பாதி வழியில் எங்களை இறக்கிவிட்டது. கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் எப்போதும் ஓயாத இரைச்சல் நின்றுபோயிருந்தது. அத்தனை வருடத்தில் அந்தச் சாலையில் காக்கை கத்துவதை அன்றுதான் கேட்டேன். நின்றுபோன லாரிகள் எல்லையோர ஜூஜுவாடி வரை வரிசையாக இருக்கின்றன என்றார்கள். டிரைவர்கள் லாரிக்கடியில் அடுப்பு வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கருக்களைப் பராமரிக்கும் ஆய்வகத்தில் ஷாலினி மேடம் என்று ஒருவர் இருந்தார். அவர்தான் எடுத்தார்.

"ஊருக்குள்ள தடை உத்தரவு போட்டிருக்காங்க மேடம். நான் வீட்டுக்குப் போகல, இங்கேயே இருக்கேன். டாக்டரம்மா வீடு மாடியிலதான். உங்களால வர முடிஞ்சா நாளைக்குச் செய்யலாம். புதன்கிழமை காலை வரைக்கும்கூடப் பார்க்கலாம். அதுக்கு மேல உங்க கர்ப்பப்பை ஏத்துக்காது. அடுத்த முறை தயார் பண்ண ஒரு மாசம் ஆகும்."

"அடுத்த மாசம்னா..."

"செப்டம்பர் முப்பதுக்கு மேல நாங்க வெச்சிருக்க முடியாது மேடம். அவங்க கையெழுத்து அப்படி."

"என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"வெளியே எடுத்து வெச்சிடுவோம். அவ்வளவுதான்."

வெளியே எடுத்து வைப்பது. போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். யாரும் அழமாட்டார்கள். கேட்க ஆள் இல்லை.

என் கணவர் தங்கராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருடமாக ஓசூரில் மெஷின் மெயின்டனன்ஸ் வேலை. இத்தனை வருடத்தில் கன்னடத்தில் அவர் கற்றுக்கொண்டது சாப்பிட்டாச்சா என்று கேட்கும் 'ஊட்டா ஆயித்தா' மட்டும்தான். நான் எல்லையோரத் தளியில் பிறந்து வளர்ந்தவள். தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். எங்கள் வீட்டுக்காரம்மா ரத்னம்மாவுக்குத் தெலுங்கு. மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம்.

ரத்னம்மா, "என் மகன் காரை எடுத்துட்டுப் போங்கம்மா. கேஏ நம்பரு, கர்நாடக வண்டி. அந்தப் பக்கம் ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார்.

"அந்தப் பக்கம் பண்ணமாட்டான்க்கா. இந்தப் பக்கம் நம்மாளு கண்ணாடிய ஒடச்சிருவானே" என்றார் இவர். "நம்ம வண்டியில போனா அவன் கொளுத்துவான், உங்க வண்டியில போனா இவன் கொளுத்துவான். நம்பர் பிளேட்டு இல்லாத வண்டி நம்ம காலுதான்."

ரத்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்கிற நேரமாய்யா இது? ஆஸ்பத்திரிக்குப் போற பொம்பளைய நடத்திக் கூட்டிட்டுப் போவியா?"

"வேற வழியிருந்தா சொல்லுங்கக்கா."

அவரிடம் வழி இல்லை. யாரிடமும் இல்லை. போதகருக்குப் போன் செய்து சொன்னோம். அன்று நாங்கள் இருவரும் முழங்காலில் நின்றபோது, பதின்மூன்று வருடமாகச் செய்துவந்த ஜெபம் என் வாயில் வரவில்லை. எனக்கு ஒரு பிள்ளை தாரும் என்று கேட்க முடியவில்லை. "ஆண்டவரே, அந்த மூன்று பேரையும் மேசைமேல் விட்டுவிடாதேயும். நாங்கள் போய்ச் சேரும்வரை அவர்களைப் பாரும்" என்று கேட்டேன். என் ஜெபம் மாறியது அன்றுதான். ஏன் மாறியது என்று அப்போது யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கர்ப்பப்பையைத் தயார் செய்யும் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். அன்று பக்ரீத். புதுச் சட்டை போட்ட ஆண்கள் தொழுகைக்கு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சாலையில் வேறு நடமாட்டம் இல்லை. ஜூஜுவாடியில் தெரிந்த பஞ்சர் கடைக்காரரிடம் எங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். எங்களைப் போலவே இன்னும் பலர் நடந்தார்கள். தலையில் பெட்டி, தோளில் குழந்தை, கையில் காலணி. அங்கிருந்து இங்கே வருகிறவர்களே அதிகம். அங்கே போகிறவர்கள் நாங்களும் இன்னும் நாலைந்து பேரும்தான். எதிரே வந்த ஒரு பெரியவர் நின்று, "எங்கம்மா போறீங்க, திரும்பிப் போங்க" என்றார். நாங்கள் நிற்கவில்லை.

எல்லைக்கு முன்னால் நான் இவர் கையைப் பிடித்து, "ஏங்க, அந்தப் பக்கம் போனதும் நீங்க வாயையே திறக்கக் கூடாது. யார் என்ன கேட்டாலும் நான் பேசிக்கறேன்" என்றேன்.

"ஆலயத்துல ஊமையாப் போன ஆசாரியர் மாதிரியா?"

"அவருக்கு அப்புறம் பிள்ளை பிறந்துச்சு. அதே மாதிரி சும்மா வாங்க."

போலீஸ்காரர்கள் தடுப்புக்கு நடுவே ஆள் போகும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கடந்தோம். கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி நெருங்கும்போது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. சாலை நடுவில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. கன்னடக் கொடியின் சிவப்பு மஞ்சள் நிறத்தில் துண்டு போட்ட இருபது முப்பது பேர் அதைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் நடந்துபோகிறவர்களை ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அந்தப் பார்வைக்குக் கீழே நடப்பது நெருப்புக்குள் நடப்பது போலிருந்தது. நான் தரையைப் பார்த்து நடந்தேன். இன்னும் பத்தடி. அதைத் தாண்டினால் போதும்.

சாலையில் உடைத்த கருங்கல் கிடந்தது. என் கால் அதில் இடறியது.

"ஏட்டி, மெதுவா நட. கல்லு கெடக்குல்லா" என்றார் இவர்.

பதின்மூன்று வருடப் பழக்கம். நான் எங்கே இடறினாலும் அவர் வாயிலிருந்து அதுதான் வரும். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அதுவும் எல்லோருக்கும் தெரிந்தது.

ஏழெட்டுப் பேர் எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். "தமிளா?" என்றான் ஒருவன். இன்னொருவன் இவருடைய பையைப் பிடித்தான். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆட்டோக்காரன்தான் அதில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினான். முப்பது வயது இருக்கும். நெற்றியில் நீளமாகக் குங்குமம். என் முகத்துக்கு நேரே வந்து, "எல்லிகெ?" என்றான்.

எங்கே போகிறாய் என்று கேட்கிறான். "ஆஸ்பத்ரெகெ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். இருவரும் நன்றாக நிற்கிறோமே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். "மகு அல்லிதெ" என்றேன். குழந்தை அங்கே இருக்கிறது.

"எஷ்டு வர்ஷ?" எத்தனை வயது?

"நால்கு." நான்கு. நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது, இன்று மத்தியானத்துக்குள் போகாவிட்டால் எங்களுக்கு இல்லை என்று கன்னடத்தில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வெடித்துவிட்டது. தெருவில் நின்று அப்படி நான் அழுததே இல்லை.

பையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். "நால்கு வர்ஷதிந்த ஆஸ்பத்ரெயல்லா?" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். நான்கு வருடமாக ஆஸ்பத்திரியிலா என்று. ஆட்டோக்காரன் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டான். தன் தோளிலிருந்த துண்டை எடுத்து ஓரமாக நின்ற ஆட்டோவின் முன்னால் கட்டினான். "ஹத்தம்மா" என்றான். ஏறு என்று.

ஏறுவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கே கொண்டுபோவான்? இவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். ஆட்டோ கிளம்பி, புகையைத் தாண்டி, ஒரு சந்துக்குள் திரும்பியது. யாரும் இல்லாத சந்து.

அவன் திரும்பிப் பார்க்காமல் பேசினான். சுத்தமான தமிழ்.

"அண்ணா, இனிமே எவனாவது கை காட்டினா தூங்கற மாதிரி சாஞ்சுக்கோங்க. உங்க வாய் நம்மள மூணு பேரையும் கொளுத்திடும்."

அவனே சிரித்தான். "என் பொண்டாட்டி உங்க ஓசூர்ப் பக்கம் பாகலூர்க்காரிண்ணா. வீட்ல தமிழ்தான். காலையிலயே மாமியார் போன் பண்ணி, ஏன்டா மஞ்சு, அங்க நின்னு யாரைடா கத்தறே, என்னையான்னு கேக்குது. என்ன செய்யச் சொல்றீங்க? ஸ்டாண்டுல எல்லாரும் நிக்கறான். நான் நிக்கலன்னா நாளைக்கு என் வண்டிய விடமாட்டான்."

பெரிய சாலையில் அவன் போகவில்லை. ஊர்களுக்குள்ளும் தொழிற்பேட்டைகளின் பின்பக்கமாகவும் வளைந்து வளைந்து போனான். மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். மூன்று இடத்திலும் இவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். தூரத்தில் இரண்டு இடத்தில் கரும்புகை எழுந்தது. ஒரு தெருவில் கவிழ்ந்து கிடந்த வேனின் சக்கரம் ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேன். உள்ளே அப்போது ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரித் தெருமுனையில் நிறுத்தி, "என் பொண்ணுக்கும் நாலு வயசும்மா. குழந்தை பேர் என்ன?" என்று கேட்டான்.

"இன்னும் வைக்கல" என்றேன்.

அவன் முகம் மாறியது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பெயர் இல்லையா? ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்திருப்பான். எங்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்தவனிடம் உண்மையை முழுதாகச் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. சொன்னேன். பிள்ளையில்லாதது, வேறொருவர் விட்டுப்போன கருக்கள், உறையவைத்தது, மாதக் கடைசியில் தூக்கிப்போட்டுவிடுவார்கள் என்பது, எல்லாம். அவன் கைப்பிடியை விடாமல் கேட்டான்.

"ஐஸ்லயா? நாலு வருஷமாவா? உயிரோட?"

"உயிரோட."

"அப்ப ஏம்மா இங்க நிக்கறீங்க? போய் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க" என்றான். இவர் காசு எடுத்து நீட்டினார். அவன் வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த மஞ்சுவை நாங்கள் பிறகு பார்க்கவில்லை. எத்தனையோ முறை அத்திப்பள்ளி ஸ்டாண்டில் தேடியும் கிடைக்கவில்லை.

சகோதரிகளே, நான் பொய் சொன்னேனா என்று போதகரிடம் பிறகு கேட்டேன். "நீ சொன்னதுல எது பொய்?" என்று திருப்பிக் கேட்டார். நானும் பல முறை யோசித்துப் பார்த்தேன். குழந்தை அங்கே இருந்தது. வயது நான்கு. நான் மனதுக்குள் 'அது' என்று சொல்லிவந்ததைக் கூட்டத்துக்கு நடுவில் என் வாய் 'குழந்தை' என்று சொல்லிவிட்டது. அதை என் வாயில் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவை உள்ளே பூட்டி, திரை போட்டிருந்தார்கள். ஷாலினி மேடம்தான் வந்து திறந்தார். கசங்கிய உடுப்பு, முதல் நாள் உடுத்தியதாக இருக்கும். "நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். மணி பத்தரை.

பன்னிரண்டு மணிக்கு மேல் மூன்று கருக்களையும் உறைநிலையிலிருந்து எடுத்தார். நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். தெருவில் யாரோ ஓடும் சத்தம். ஒரு ஷட்டரைத் தடதடவென்று இழுக்கும் சத்தம். பிறகு மறுபடி அமைதி. ஒரு மணி நேரம் கழித்து மேடம் வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தார். நிற்காமல் உட்கார்ந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"மூணுல ரெண்டு நல்லா விழிச்சிருக்கு. ஒண்ணு வரல மேடம். நான் இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்துப் பார்த்தேன்."

"வரலைன்னா?"

"போயிடுச்சு."

எங்களைப் பொறுத்தவரை அது ஒரு சாவு. நாற்றமும் புகையும் தாண்டி மூன்று பேரைத் தேடி வந்தோம். ஒருவர் எங்கள் கை படுவதற்கு முன்பே போய்விட்டார். "பார்க்கலாமா?" என்று கேட்டேன். மேடம் தயங்கினார். பிறகு திரையில் காட்டினார். இரண்டு வட்டங்கள் பளிச்சென்று, பக்கத்தில் ஒன்று மங்கலாய்ச் சுருங்கி. இவர் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஒரு நிமிடம் ஜெபித்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். மேடம் வேறு மதத்தவர். ஆனாலும் கையுறையைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்றார். "இத்தனை வருஷத்துல இதுக்காக யாரும் ஜெபம் பண்ணி நான் பார்த்ததில்ல" என்று பிறகு சொன்னார்.

இரண்டு மணிக்கு அந்த இருவரையும் என் கர்ப்பப்பையில் வைத்தார்கள்.

கலவரம் அடங்கும்வரை ஆஸ்பத்திரி அறையிலேயே தங்கி, சனிக்கிழமை எல்லையை நடந்தே கடந்து வந்தோம். செப்டம்பர் 27ஆம் தேதி இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானது. ஆறாவது வாரம் ஸ்கேனில் இரண்டு பைகள், இரண்டு துடிப்புகள். வீட்டுக்கு வந்து இவர் சத்தம்போட்டுப் பாடினார். ரத்னம்மா பாயசம் கொடுத்தனுப்பினார்.

ஒன்பதாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் எனக்கு உதிரம் கண்டது. ஸ்கேன் எடுத்தவர் கருவியை ஒரே இடத்தில் வைத்து நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு துடிப்பு நின்றுபோயிருந்தது. மற்றது ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் நான் பயத்திலேயே வாழ்ந்தேன். விசுவாசி அப்படிப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போகும்போது, இன்று நின்றிருக்கும் என்றே படுத்தேன். பிள்ளை அசையாத நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு, அசையும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் ரூபி அக்கா ஒரு நாள் வந்தார். என் பாதத்தருகே உட்கார்ந்தார். போகும்போது, "எத்தனை பேருக்காக ஜெபிக்கணும், ஒருத்தருக்கா, மூணு பேருக்கா?" என்று கேட்டார். மூன்று பேருக்கும் என்றேன். அப்படியே ஜெபித்தார்.

இன்று எங்கள் மகள் ஹெப்சிபா பள்ளிக்கூடம் போகிறாள். கன்னடம், தமிழ், ரத்னம்மாவிடமிருந்து தெலுங்கு என்று மூன்றிலும் சண்டை போடுகிறாள். மற்ற இருவரும் ஏன் தங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்ல முடியும். அந்த மூன்று பேரையும் மேசைமேல் விட்டுவிடாதேயும் என்று கேட்டேன். அவர்களில் ஒருவரும் கேட்பாரற்றுப் போகவில்லை. மூவருக்காகவும் அழ ஆள் இருந்தது. அதற்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன்.

இதைக் கேட்கிறவர்களில் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வழி மூடியிருக்கும்போதும் நடந்து பாருங்கள் என்று சொல்வேன். இன்னும் சிலர், பிள்ளை பெற்றபின் ஆஸ்பத்திரியில் மீதியை வைத்துவிட்டு மறந்துபோயிருப்பீர்கள். இப்போது விதிகள் மாறியிருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்தது போல் இன்னொருவருக்குக் கொடுப்பது இப்போது முடியாது என்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் மறந்துவிடாதீர்கள். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கு உங்களைவிட்டால் ஆள் இல்லை. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் முழங்காலில் நின்று அவரிடமே கேளுங்கள். கருவில் இருக்கும்போதே நம்மைக் கண்டவர், அவர்களையும் காண்கிறார்.

பிரசவ நாளைச் சொல்லி முடிக்கிறேன். 2017 மே 29, திங்கட்கிழமை. ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி. காலையிலிருந்து என் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. மதியம் பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவசரமாக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். எடுத்த பிறகு அவள் அழவில்லை. யாரோ அவள் பாதத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆண்டவரே, எழுப்பும் என்றேன். அப்போது அழுதாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நர்ஸ் அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினார். எனக்குச் சரியாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை. இவர்தான் தலையணையை முட்டுக்கொடுத்தார். நான் முதல் வேலையாக அவள் காதருகே குனிந்து, அவளோடு நான்கு வருடம் காத்திருந்த மற்ற இருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"இப்பமே சொல்லணுமாட்டி? பிள்ளைக்குப் பசிக்கில்லா" என்றார் இவர்.

"சொல்லிட்டுத்தான்" என்றேன். சொல்லி முடித்துவிட்டுப் பால் கொடுத்தேன்.